ஏற்றத்தில் விடுபட்ட துள்ளல்

எங்கள் பஸ் டெப்போவில் என்ஜின்களைச் சோதிப்பவள் அவள்; பட்டப்பெயர் 'கிராஃப் ராணி'. என்ஜின் மேல் அதிர்வை அளக்கும் சின்னக் கருவியை ஒட்டுவாள், பக்கத்தில் ஒரு மைக்கை நீட்டுவாள், மடியில் லேப்டாப். ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் திரையில் கோடு ஒரு துள்ளு துள்ளும். ஆறு துள்ளலில் ஒன்று சோடை போனால் அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். கோட்டில் தெரியாத கோளாறு உலகத்திலேயே கிடையாது என்பது அவள் கட்சி. வாதாடி அவளை ஜெயித்தவர் எங்களில் யாரும் இல்லை.

அவள் அண்ணன் இங்கேயே டிரைவர். குறை சொல்லியே பேர் வாங்கியவர். சீட் குத்துகிறது என்பார், கண்ணாடி ஆடுகிறது என்பார். அதனால், மலை ரூட் பஸ் ஏற்றத்தில் திக்குகிறது என்று அவர் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கை ஷெட்டில் வைத்துப் பல தடவை சோதித்தாள். கோடு சுத்தமாக இருந்தது. மலைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறார், இன்னொரு புகார் வந்தால் ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"நான் பொய் சொல்றேனாம்மா?" என்று டீ குடிக்கும்போது அவளிடம் கேட்டார்.

"அப்படி நான் சொல்லலைண்ணே. கோடு சுத்தமா இருக்குன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்." டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்தும் பேச்சு நின்றுபோனது.

அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய பதிவுகளை எல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஆளில்லாத பஸ்ஸை நியூட்ரல்ல நிக்க வச்சு, உனக்கு மூச்சு வாங்குதான்னு கேட்டிருக்கோம்! எப்படி வாங்கும்?"

மேனேஜரைக் குடைந்து ஒரே ஒரு ஓட்டத்துக்கு அனுமதி வாங்கினாள். சுமைக்கு ஆள் வேண்டுமே! டியூட்டி முடிந்த கண்டக்டர்கள், மெக்கானிக்குகள், ஸ்டோரில் தூங்கிக்கொண்டிருந்த நான் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் அள்ளி ஏற்றினாள். தொப்பை வைத்தவர்களுக்கு அன்று தனி மரியாதை. வழியெல்லாம் அவள் அண்ணனைத்தான் கிண்டலடித்தோம். "அண்ணே, திக்குறது என்ஜினா, நீங்களா?"

ஏற்றம் வந்தது. துள்ளிக்கொண்டிருந்த கோட்டில் ஒரு துள்ளலைக் காணோம். ஐந்து வந்தன, மறுபடி ஒன்று விடுபட்டது. மறுபடியும் அதே. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே புரிந்தது. 

"திக்கல் வருதாம்மா?" ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணன் கேட்டார்.

"வருதுண்ணே. நீ சொன்னது சரிதான். நான்தான் தப்பா சோதிச்சேன்."

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். எங்களை ஒரு பிடி பிடிக்கப்போகிறார் என்று காத்திருந்தோம். அவரோ ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"நானே வேலைய விட்டுடலாம்னு இருந்தேம்மா. நீயும் கோளாறு இல்லேன்னு சொன்னதும், வண்டி இல்ல, என் கைதான் நடுங்குதோன்னு நினைச்சிட்டேன்."

அவள் எழுந்துபோய் அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

"நடுங்கலைண்ணே" என்றாள்.