ஓட்டைக்கு மேல் கம்பி

வரைபடத்தின் மேல் இரண்டு விரல்களைக் கால்கள்போல ஊன்றி நடத்திக்கொண்டு போகிறார் ஹலினா ஸ்டெஃபானிக். கான்கிரீட் தளத்தில் காற்றுக்குழாய்க்காக விட்ட திறப்பு வந்ததும் விரல்கள் நிற்கின்றன. "இங்க விழுந்துட்டான்" என்கிறார், தனக்குத்தானே.

வின்னிபெக்கில் கான்கிரீட் கட்டடங்களுக்குக் கம்பி வரையும் பொறியாளர் அவர். அந்த அலுவலகத்தின் வரைபடங்களை முப்பத்தொன்றாவது ஆண்டாகக் காத்து வருகிறவன் நான். மற்றவர்கள் திறப்பின் விளிம்போடு கம்பியை நிறுத்திவிடுவார்கள். ஹலினா திறப்புக்குக் குறுக்கேயும் வலைபோல ஓடவிடுவார். குழாய் வரும் நாளில் வெட்டிக்கொள்ளட்டும் என்பார். கணினியில் வரைந்ததையும் அச்சிட்டுப் பென்சிலால்தான் திருத்துவார். தாளில் எண்ணெய் படக் கூடாதென்று மதியம் பெரோகிக் கொழுக்கட்டையை இடக்கையால் தின்பார்.

மருத்துவமனைக் கட்டட வேலையில் கட்டுமான மேற்பார்வையாளர் லாய்ட் பெட்ரி சண்டைக்கு வந்தார்.

"வலைக்காரம்மா, ஓட்டைக்கு மேல கம்பி போட்டா அது ஓட்டையா, ஜன்னலா?"

"ஜன்னல்னே வெச்சுக்க."

"ஒவ்வொண்ணா வெட்டறதுக்குள்ள என் ஆளுங்க கிழவனாயிடுவாங்க."

"ஆகட்டும் லாய்ட். அதுக்குத்தான் போடறேன்."

"பிளைவுட் போட்டு மூடி, சிவப்புப் பெயின்ட்ல 'ஓட்டை'ன்னு எழுதிடறேன். போதாதா?"

"பலகையத் தூக்கறவன் படிச்சுட்டா தூக்கறான்? மூஞ்சிக்கு நேரா நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு ஒரு அடி வெப்பான். அந்த அடியிலதான் ஓட்டை இருக்கு."

அவருடைய அண்ணன் தாராஸ் அப்படித்தான் போனார். கீழே கிடந்தபோதும் கை பலகையை விடவில்லை. இதை ஹலினா லாய்டிடம் சொல்லவில்லை.

"எடுத்துடுங்களேன், அடுத்த வேலையும் லாய்ட் கம்பெனி கையிலதான் இருக்கு" என்று எங்கள் முதலாளியே கெஞ்சினார். கம்பியை நீக்கிய மாற்று வரைபடத்தில் ஹலினா கையெழுத்திட மறுத்தார். கம்பிகள் தங்கின.

பிப்ரவரியில் லாய்டின் அழைப்பு வந்தது. ஹலினா ஸ்பீக்கரில் போட்டார். லாய்டின் குரலில் கேலி இல்லை. நான்காம் மாடியில் தச்சர் ஒருவர் பலகையைத் தூக்கி ஓர் அடி வைத்திருக்கிறார்.

"கம்பிச் சந்துல ஒரு கால் முழங்கால்வரைக்கும் இறங்கிடுச்சு. எலும்பு முறிஞ்சிருக்கு. ஆள் இருக்கான், ஹலினா. கெட்ட கெட்ட வார்த்தையா திட்டிக்கிட்டிருக்கான்."

"யாரை?"

"உங்களைத்தான்."

ஹலினா சிரிக்கவில்லை. "அவன் பூட்ஸ் என்ன சைஸ்?" என்று கேட்டார்.

பதிலைக் கேட்டுக்கொண்டு தொலைபேசியை வைத்தார். மேசையில் அடுத்த கட்டடம் விரிந்து கிடந்தது. அதன் திறப்பில் வரைந்திருந்த கம்பிகளை ரப்பரால் அழித்தார். அளவுகோலை வைத்து, இன்னும் நெருக்கமாக வரையத் தொடங்கினார்.