வாயைக் கட்டினோம், குரல் வந்தது

முருகன்மேல் கோபம் கொண்டு மலை ஏறியவன் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் என் மகள் வள்ளிக்குக் குரல் போனது. காலையில் எழுந்து "நைனா" என்று கூப்பிட்டாள். வெறும் காற்றுதான் வந்தது.

அவள் சென்னையில் ஓர் இசைப் பள்ளியில் வாய்ப்பாட்டு படிக்கிறாள். சின்ன வயதில் மலைமேல் ஒலிபெருக்கியில் வரும் பாட்டைக் கேட்டுக் கேட்டு அடுப்படியில் பாடுவாள். இசைப் பள்ளியில் சேர்ந்ததும் அது வெறியாகிவிட்டது. கூடப் படிக்கும் சுகுணா நாதஸ்வரம் வாசிக்கிற பெண். "அவளுக்கு உதடு வெடிச்சி ரத்தம் வருது நைனா. தொடச்சிகினு மறுபடி ஊதறா. நான் இன்னா பெருசா கஷ்டப்பட்டுட்டேன்?" என்பாள்.

எங்கள் வீடு ஒரே அறை. சாதகம் பண்ண இடமில்லை. அதனால் தினமும் போகிற ரயிலிலேயே பாடினாள். சக்கரச் சத்தத்துக்கு மேலே தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்று அடித்தொண்டையில் பாடினாள். பூக்கூடைப் பெண்கள் அவளுக்கு இடம் பிடித்து வைத்தார்கள். அரக்கோணத்தில் ஏறுகிறவர்கள் "பாட்டுப் பொண்ணு எந்தப் பெட்டிங்க?" என்று கேட்டு ஏறினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் அவள் தொண்டையைத் தின்றது.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண் காய்ப்புக் காய்த்த மாதிரி தடித்திருக்கிறது, கொஞ்ச நாள் பேசவே கூடாது என்றார். வள்ளி பேசவில்லை. எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகவே சொன்னாள். அம்மாவிடம் கிசுகிசு, போனில் சுகுணாவிடம் கிசுகிசு. ஆவணி போய்ப் புரட்டாசி வந்தும் குரல் வரவில்லை.

என் மைத்துனன் வந்து உட்கார்ந்தான். "சாமி மலைக்குக் கீழ பொறந்துட்டு, மெட்ராசுக்குப் போய் பாட்டு கத்துக்கினா? முருகர் தொண்டைய புடிச்சிட்டாரு பாவா."

எனக்கு எப்போதும் பதில் வராது. அன்று வந்தது. "பொட்டப் புள்ள தொண்டைய புடிக்கிறவரு என் சாமி இல்ல மச்சான். அப்படி ஒருத்தர் இருந்தா, அவருக்கு நான் சமைக்கமாட்டேன்."

நான் மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவன். என் அப்பாவும் அங்கேதான் சமைத்தார். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று மைத்துனன் விழித்தான். என் மனைவி அவன் முன்னால் காபியை ‘டக்’கென்று வைத்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டான்.

இசைப் பள்ளித் தலைமையம்மா என்னை வரச் சொன்னார். "வீணைக்கு மாத்திடலாங்க. பொண்ணுக்கு ஞானம் இருக்கு. ஒரு வருஷம் போயிடக் கூடாது." அன்பாகத்தான் சொன்னார். வீணை ஒன்றும் குறைந்ததில்லை. ஆனால் என் பக்கத்தில் நின்ற வள்ளி தரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"வேணாங்க" என்றேன். "தீபாவளி லீவு முடியட்டுங்க மேடம். வந்து பாடுவா. பாடலைன்னா நீங்க சொல்றத கேக்கறேன்."

சொல்லிவிட்டேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி நேரே மலை ஏறினேன். சூரனை வென்ற சாமி கோபம் தணிந்து உட்கார்ந்த மலை இது. அதனால் சஷ்டிக்குக்கூட இங்கே சூரசம்ஹாரம் கிடையாது. கூடைகூடையாகப் பூவைத்தான் கொட்டுவார்கள். நான் கேட்டேன்: "உன் கோபம் இங்க தணிஞ்சுது. என் கோபத்த நான் எங்க கொண்டு போறது? தெனமும் வாயக் கட்டிகினு உனக்கு ஆக்கிப் போடறேனே, என் பொண்ணு வாயயும் சேத்தா கட்டுவ?"

நடை சாத்தும்வரை நின்றேன். பதில் இல்லை. விபூதிகூட வாங்காமல் இறங்கினேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் மடைப்பள்ளியில் துணியால் வாயைக் கட்டினேன். சாமிக்கு ஆகிற சோற்றில் எச்சில் தெறிக்கக் கூடாது என்று அப்படித்தான் சமைப்போம். பேச்சு கிடையாது. உப்பு என்றால் இரண்டு விரலைத் தேய்ப்போம். தண்ணீர் என்றால் கையைக் குவிப்போம். புதிதாக வந்த ஒருவர் துணிக்குள்ளேயே ஏதோ கிசுகிசுத்தார். என் கை தானாக எழுந்து அவரை அடக்கியது. எங்களுக்கு அதுவும் பேச்சுதான்.

கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். வீட்டில் என் மகள் விடிந்தது முதல் செய்வதும் அதுதானே?

வேலை முடிந்ததும் டாக்டரிடம் ஓடினேன். "கிசுகிசுன்னு பேசினாளா? அது பேசறதவிட மோசங்க. தொண்ட இன்னும் இறுகிடும்" என்றார்.

முந்தின நாள் சன்னதியில் கேட்டதற்குச் சாமி என் அடுப்படிக்கு வந்து பதில் சொன்னார். நான் அப்படித்தான் நம்புகிறேன். வேறு விதமாகச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அன்று முதல் எங்கள் வீடே மடைப்பள்ளி ஆனது. வள்ளி வாயில் துணி கட்டினாள். அவளுக்குத் துணையாக நானும் மனைவியும் வீட்டுக்குள் வாய் திறக்கவில்லை. எங்கள் சைகைகள் போதாமல் வள்ளி புதிதாகச் சேர்த்தாள். அவள் மாமனுக்கு வைத்த சைகையை இங்கே எழுத முடியாது. வாய் கட்டியிருந்தும் மூன்று பேரும் குலுங்கிச் சிரித்தோம். அந்த வீட்டில் வெகு நாள் கழித்து வந்த சிரிப்பு. ஐப்பசி பிறந்தபின் தடிப்பு வற்றிவிட்டது என்றார் டாக்டர். அவர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று மெல்ல இழுக்க ஆரம்பித்தாள்.

தீபாவளி லீவு முடிந்தது. இசைப் பள்ளியில் செருப்பு விடும் இடத்தில் நான் நின்றேன். உள்ளே சுருதிப் பெட்டியை அவளுடைய பழைய அளவிலேயே வைத்தார்கள். மேலே போகும்போது குரல் கிழிந்தது. "போதும்மா" என்று மேடம் கையைத் தூக்கினார். என் உயிர் போய்விட்டது.

வள்ளி எழுந்தாள். சுருதிப் பெட்டியைத் தானே திருகி இறக்கினாள். "மேடம், இப்ப என் சுருதி இதான். இதுல கேளுங்க."

பாடினாள். நான் கேட்டிராத குரல். கனத்த குரல். பக்கத்து வகுப்பில் நாதஸ்வரச் சத்தம் நின்றது. சுகுணா வாத்தியத்தைக் கையில் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றாள். பாட்டு முடிந்ததும் மேடம் சுருதிப் பெட்டியை நிறுத்தினார். பிறகு, "வீணைய பத்தி நான் பேசவே இல்ல. போய் உன் கிளாஸ்ல உக்காரு" என்றார்.

அன்று மலை ஏறி, விட்டுப்போன விபூதியையும் சேர்த்து வாங்கிப் பூசிக்கொண்டேன்.

பழைய குரல் திரும்பிவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. இது வேறு குரல். இதை யாரும் குறை சொல்ல நான் விடமாட்டேன். இப்போது ரயிலில் அவள் பாடுவதில்லை. பூக்காரப் பெண்கள் கேட்டால் சிரித்துக்கொண்டே வாயில் விரலை வைக்கிறாள். எனக்கும் கொஞ்சம் பேச வருகிறது.

அடியார்களே, கஷ்டத்தில் இருக்கிறீர்களா? மலைக்கு வாருங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே வாருங்கள். அவர் அறியாத கோபமா? கேட்க வேண்டியதை நேருக்கு நேராகக் கேளுங்கள். மறுநாள் காலை உங்கள் வேலைக்குப் போங்கள். உங்களுக்கு முன்னால் அவர் அங்கே வந்து நிற்பார்.