மூடுபனியில் முடிந்த போட்டி

அலெக்சாண்டர் படம் பிடிப்பதில் சுமார்தான்; வெட்டி ஒட்டுவதில் பெரிய கில்லாடி. கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கம் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், கோடைவிழா படகுப்போட்டி என்று எதையும் தன் சின்ன சினிமா கேமராவில் எடுத்து, மன்றத்தில் திரை கட்டிக் காட்டுவார். அப்போது அவர் திரையைப் பார்க்கமாட்டார், சனங்களின் முகத்தைத்தான் பார்ப்பார். கொட்டாவி விட்ட இடம் மறுநாள் பிளேடுக்குப் பலி. தொழிலை அப்படித்தான் கற்றார். படமும் விறுவிறுவென்று ஓடும்.

எண்பத்தொன்றாம் வருடமும் வழக்கம்போல் படகுக்காரர்களுக்குப் போட்டி வைத்தார்கள். பேத்துப்பாறை சுப்பையாவும் மணியனும் சரிக்குச் சரியாகத் துடுப்புப் போட்டு வந்தார்கள். எல்லைக்குச் சற்று முன்னால் ஏரியில் மேகம் இறங்கிவிட்டது. கரையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, யார் முந்தியது என்று படகில் இருந்த இருவருக்குமே தெரியவில்லை. எல்லைக் கயிற்றருகே நின்ற நடுவர் மட்டும் பார்த்து, சுப்பையா பெயரைச் சொன்னார். கோப்பை அவனுக்குக் கிடைத்தது.

படச்சுருளில் கடைசிக் கட்டம் வெறும் வெள்ளை. முடிவே இல்லாத போட்டியை எவன் பார்ப்பான்? போன வருடம் மிஞ்சிக் கிடந்த ஒரு துண்டில், லேசான பனிக்குள், படகு எல்லையைத் தொடுவது இருந்தது. அதை எடுத்து அங்கே ஒட்டினார். தூரத்துக் காட்சி, முகம் தெரியாது, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வெள்ளைத் துண்டைக் குப்பையில் போட்டார். மன்றத்தில் அப்படி ஒரு கைதட்டல்.

ஆனால் படகுக்காரனுக்கு முகம் எதற்கு? உடம்பைச் சாய்த்துத் துடுப்பு இழுக்கும் தினுசே போதும். போன வருடம் ஜெயித்தவன் மணியன்; ஒட்டிய துண்டில் எல்லையைத் தொட்டதும் அவன்தான். சுப்பையா திரையைப் பார்த்தபடியே எழுந்து வெளியே போனான். மறுநாள் வெள்ளனே கோப்பையைக் கொண்டுபோய் மணியன் கையில் கொடுத்துவிட்டான்.

விஷயம் அன்றைக்கே அலெக்சாண்டர் காதுக்கு வந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஊரே தன் படத்தை மெச்சிக்கொண்டிருந்த நேரம். பாவி மனுஷன் வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் சுப்பையா போட்டிப் பக்கமே தலைகாட்டவில்லை.

சில வருடங்கள் கழித்து, மனசு கேட்காமல், படகுத்துறையில் அவனைப் பிடித்தார்.

"சுப்பையா, அன்னைக்கு ஜெயிச்சது நீதாம்ப்பா. நான் பழைய துண்டை ஒட்டிட்டேன்."

சுப்பையா சிரித்தான். "என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. நானும் ஜெயிச்சதாத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். கண்ணால பாத்ததுக்கப்புறம் என்னங்க? விடுங்கண்ணே, சோலி கெடக்கு."

எடுத்துக் காட்ட அந்த வெள்ளைத் துண்டு இல்லை. அவன் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வருடம் முதல் அலெக்சாண்டர் போட்டிப் படங்களை வெட்டவில்லை. சனங்கள் கொட்டாவி விட்டாலும் மேகத்தோடு சேர்த்து முழுசாக ஓட்டினார். சுப்பையா ஒரு நாளும் பார்க்க வரவில்லை.