தலை எண்ண வந்த நாள்

டோங்கிரி என்ற பெயரைக் கேட்டால் இன்றும் எனக்குப் பயம்தான். தப்புச் செய்த பிள்ளைகளை அங்கே அடைத்து வைப்பார்கள் என்பது தாராவியில் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் சோறு ஊட்டும்போதே சொல்லப்பட்டுவிடும். சாப்பிடாவிட்டால் டோங்கிரி, ரோட்டில் ஓடினால் டோங்கிரி. வளர வளர மற்றவர்களுக்கு அந்தப் பயம் தெளிந்துவிட்டது. எனக்குத் தெளியாமல் போனதற்குக் காரணம், நாலாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை நான் வேறொரு பிள்ளையாக வேடம் போட்டுக்கொண்டு ஒரு கல்வி அதிகாரியின் முன்னால் போய் உட்கார்ந்ததுதான்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, மாநகராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் வழி டீச்சர். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாம் பெல்ட் செய்கிற கார்கானாவில் தோல் வெட்டிக்கொண்டிருக்க, படித்துச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தாள். எனக்குத் தலை வாரிவிடுவதும் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வதும் அவள்தான்.

அந்தப் பள்ளிக்கூடம் ஒரே கட்டடம், மாடிக்கு ஒரு பாஷை. கீழே மராத்தி, அதற்கு மேலே இந்தி, உச்சியில் தமிழ். அத்தை அங்கே படித்த காலத்தில் மேல் மாடி முழுவதும் தமிழ்ச் சத்தம்தானாம். அவள் டீச்சராகி வந்தபோது அது சுருங்கி, மாடிக்கோடியில் இரண்டு அறையாகியிருந்தது. சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பை, குடை, ஷூ எல்லாம் சும்மாவே கொடுத்தார்கள். மத்தியானம் கிச்சடி உண்டு. சுவரில் ஒரு டிஜிட்டல் போர்டு கூட மாட்டியிருந்தார்கள். வயர் இழுக்க வேண்டிய ஆள் மட்டும் வந்து சேரவில்லை, அதனால் மேலே சுற்றிய பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. வருஷா வருஷம் டீச்சர்களுக்கு டிரெய்னிங் வேறு. மராத்தியில் நடக்கும். அத்தை பாதி புரிந்தும் பாதி ஊகித்தும் கேட்டுவிட்டு வந்து, சோடா மூடிகளைப் பொறுக்கிக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை ஒட்டுவாள். பிள்ளைகள் மூடிகளை வரிசையாக வைத்துச் சொல் கட்ட வேண்டும். எல்லாம் வந்தன, பிள்ளைகள்தான் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. நான் படித்தது மெயின் ரோட்டில் ஃபீஸ் கட்டிப் படிக்கிற இங்கிலீஷ் மீடியத்தில். என்னை எங்கே சேர்ப்பது என்ற பேச்சு வந்தபோது அப்பா, உன் ஸ்கூலிலேயே போட்டுவிடலாமே, கண் முன்னால் இருப்பாளே என்றுதான் அத்தையிடம் சொன்னாராம். அத்தை கேட்கவில்லை. "வேண்டாம்ணே. தமிழ் படிச்சா என்னைய மாதிரி இந்த மாடியிலயேதான் நிக்கணும். இவ மேல போவட்டும்" என்று சொல்லிவிட்டாள். இந்தக் கதையை அம்மா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஃபீஸ் கட்டியதும் அத்தைதான். தமிழ் சொல்லிக்கொடுத்து வாங்கிய சம்பளத்தில் நான் இங்கிலீஷ் படித்தேன்.

அந்த வருஷம், பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அதிகாரி வந்து தலை எண்ணுவார். தலை போதாவிட்டால் தமிழ்ப் பிரிவுக்குப் பூட்டு. இருக்கிற பிள்ளைகளைத் தூரத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். ஹைவேயைத் தாண்டி அனுப்ப எந்தத் தாய்க்கும் மனசு வராது, பாதிப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடும் என்று அத்தை சாப்பிடாமல் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பெரிய சார் ஒரு வழி சொல்லியிருந்தார். அவரவர் கையில் கிடைக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து பெஞ்சை நிரப்ப வேண்டியது. கல்யாண வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் பாத்திரம் இரவல் வாங்குவதுபோல ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை வாங்கினார்கள். அதிகாரி வருகிற நாள் சனிக்கிழமை, எனக்கு லீவு. வெளியே தேட வேண்டிய அவசியம் அத்தைக்கு இல்லை.

குடும்பத்தோடு ஊருக்குப் போய்த் திரும்பாத ஒரு பிள்ளையின் யூனிபாரத்தை எனக்குப் போட்டுவிட்டாள். கக்கத்தில் பிடித்தது. "ஏட்டி, இன்னைக்கு உன் பேரு மாரிச்செல்வி. கூப்பிட்டா எந்திரிச்சு நிக்கணும். வேற ஒண்ணும் பேசப்பிடாது, கேட்டியா" என்றாள். டீ குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா, மாட்டிக்கொண்டால் நேரே டோங்கிரிதான், பயப்படாதே, துணைக்கு உன் அத்தையும் வருவாள் என்று சொல்லிச் சிரித்தார். அவர் எதற்கும் சிரிக்கிறவர். ஆனால் அத்தை சிரிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அது வேடிக்கைப் பேச்சில்லை என்று எனக்குப் பட்டது.

வழியெல்லாம் மாரிச்செல்வி, மாரிச்செல்வி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். அத்தையின் கை ஈரமாக இருந்தது. வகுப்பில் நுழைந்ததும் அந்த வகுப்புப் பிள்ளைகள் எங்களை உற்றுப் பார்த்தார்கள். வாங்கி வந்த பிள்ளைகள் யாரும் நிமிரவே இல்லை. சுவர் முழுக்க எழுத்து. வீட்டில் விடிந்தது முதல் தமிழ்தான் பேசுவேன், ஆனால் ஓர் எழுத்துக்கூட எனக்குத் தெரியாது. அது அப்போதுதான் உறைத்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த அத்தைக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

அதிகாரி மாட்டுங்காவில் குடியிருந்த தமிழர், மெதுவாகப் பேசுகிற மனுஷர். உருட்டி மிரட்டுகிறவராக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்தார். விரல் என்னிடம் வந்தது, என்னையும் எண்ணிவிட்டுத் தாண்டிப் போயிற்று. பிறகு பெயர் கூப்பிட்டார்கள். மாரிச்செல்வி என்றதும் எழுந்து நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. பெரிய சார் முகத்தில் ரத்தம் ஓடியது, டீ சொல்லி அனுப்பினார்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் அதிகாரியின் கண் சோடா மூடிகள் மேல் விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு, யாராவது படியுங்கோ பார்ப்போம் என்றார். இட்லி விற்கிறவரின் மகன் எழுந்து ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் படித்து, கதையைத் தன் வாயாலும் சொன்னான். அடுத்த பிள்ளையும் படித்தது. அத்தையின் முகத்தை அப்படி ஒரு வெளிச்சத்தோடு நான் வீட்டில் பார்த்ததே இல்லை. அதே சிரிப்போடு அதிகாரி புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். படம் மட்டும் தெரிந்தது, ஒரு கிணறு, ஒரு மாடு. மற்றதெல்லாம் கறுப்புக் கறுப்பாக நெளிந்தது. முதல் எழுத்தை மட்டும் சொல்லு, போதும் என்றார். அதுவும் வரவில்லை. டோங்கிரிக்கு எந்த ரயிலில் கூட்டிப்போவார்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக விடுவார்களா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி பெரிய சாரிடம் திரும்பினார். குரல் உயரவே இல்லை. நாலாம் கிளாஸ் குழந்தைக்கு எழுத்தே தெரியவில்லையே, முதலில் படித்த இரண்டும் சொல்லிவைத்துப் படித்ததோ, இத்தனை டிரெய்னிங்கும் எங்கே போயிற்று என்று கேட்டார். பெரிய சார் தரையைப் பார்த்தார். அத்தை பேசாமல் இருந்திருந்தால் தலைக்கணக்காவது தப்பியிருக்கும்.

"அவ என் பிள்ள இல்ல சார்" என்றாள் அத்தை. "தலைக் கணக்குக்காவ நான் கூட்டிட்டு வந்தது. இந்தா இருக்கதுதான் என் பிள்ளைய. இதுல யார வேணா கேளுங்க, படிக்கும்."

பெரிய சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ அந்த முதல் வார்த்தைகளுக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அவ என் பிள்ள இல்ல. இனி என்னைப் பிடித்துக்கொண்டு போனால் தடுக்க ஆள் இல்லை என்று தோன்றியது. இன்று நினைத்தால், அந்தப் பிள்ளைகளின் படிப்பு பொய் என்று ஆகிவிடாமலிருக்க அவள் வகுப்பையே பணயம் வைத்தாள் என்பது தெரிகிறது. அடுத்த ஜூனில் அந்த இரண்டு அறைகளும் கீழ் மாடிக்காரர்களுக்குப் போய்விட்டன.

அதிகாரி கோபப்படவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, குழந்தை யாராத்துது என்று கேட்டார். எங்க வீட்டுப் பிள்ளதான், அண்ணன் மக என்றாள் அத்தை. எங்கே படிக்கிறாள் என்றார். அத்தை சொன்னாள். அவர் கையிலிருந்த சோடா மூடியை மேஜை மேல் வைத்தார்.

"இவ்வளவு நன்னா சொல்லிக்கொடுக்கறேள். உங்காத்துக் குழந்தையை ஏம்மா இங்க சேக்கலை?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற அத்தை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சட்டென்று பயம் விட்டுப்போயிற்று. காலையிலிருந்து அந்த வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளில் எனக்கு விடை தெரிந்தது அது ஒன்றுதான். தமிழ் படித்தால் அத்தை மாதிரி இந்த மாடியிலேயே நிற்க வேண்டும் என்று அம்மா சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆன விடை. அதைச் சொல்லிவிட்டால் என்னை விட்டுவிடுவார்கள், அத்தையும் என்னைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிப்போவாள் என்று நினைத்து, இங்கிலீஷ் பள்ளியில் பழக்கியிருந்தபடி கையை நேராகத் தூக்கினேன்.

அத்தை பக்கத்தில் வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இறக்கிய பிறகும் விடவில்லை. சரியான விடையை வைத்துக்கொண்டிருந்த கையை அவள் ஏன் அப்படி நொறுங்குகிற மாதிரி பிடித்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.