மரியாதைக்குச் சொன்ன சம்மதம்

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் டிராம் ஓட்டும் ஃபரங்கீஸுக்குக் கோபமாகப் பேசவே வராது. கதவு மூடியபிறகு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டுகிறவனுக்கும் திறந்துவிட்டு, அவனிடமே மன்னிப்பும் கேட்பாள். ஈரானிலிருந்து தப்பி வந்த எங்கள் கூட்டத்தில் அவளைக் கேலி செய்யாதவர் இல்லை.

அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது நீதிமன்றத்தில்தான். அவள் தம்பி ஃபர்ஷீதைத் தூக்குக்கு இழுத்துப்போன சிறை அதிகாரி, பல வருஷம் கழித்து உறவினரைப் பார்க்க ஸ்வீடனுக்கு வந்து மாட்டிக்கொண்டான். அதே சிறையில் கிடந்தவள் இவள். கண்கட்டுக்கு அடியில் பார்த்த முகத்தை அடையாளம் காட்டினாள். ஆயுள் தண்டனை விழுந்தது. அன்று நாங்கள் அழுதுகொண்டே இனிப்பு தின்றோம்.

ஈரானில் ஆட்சியில் இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த கோடையில் அங்கே ஊர் சுற்றிப் பார்க்கப் போன ஆன்டனை, உளவாளி என்று பிடித்துப் போட்டார்கள். எங்கள் ஆளைக் கொடு, உன் ஆளை எடுத்துக்கொள் என்று பேரம். ஆன்டன் யாரென்றால், ஃபரங்கீஸுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் குன்வோரின் ஒரே மகன்.

குடியிருப்பின் துணி துவைக்கும் அறையில் குன்வோர் ஃபரங்கீஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளை விட்டுட்டா என் பையன் வந்துடுவான்னு சொல்றாங்க. உனக்குச் சம்மதமா? நீ வேண்டாம்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

"என்ன பேச்சு இது, குன்வோர் அம்மா! உங்க பையனுக்கு முன்னாடி அதெல்லாம் எம்மாத்திரம்? தாராளமா எடுத்துக்குங்க."

இது எங்கள் ஈரானிய நாக்கோடு பிறந்த வியாதி. கடைக்காரரிடம் விலை கேட்டால், 'உங்களுக்கு இல்லாததா, சும்மா எடுத்துட்டுப் போங்க' என்பார். நிஜமாகவே எடுத்துக்கொண்டு நடந்தால் பின்னாலேயே ஓடிவருவார். ஒருவர் கொடுக்க, மற்றவர் மறுக்க, இரண்டு மூன்று சுற்று போனபிறகுதான் உண்மைப் பேச்சே தொடங்கும். குன்வோர் மறுப்பாள் என்று ஃபரங்கீஸ் காத்திருந்தாள். அவளோ ஸ்வீடன்காரி. நன்றி சொல்லிக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே வானொலியில் குன்வோரின் குரல்: "தம்பியைப் பறிகொடுத்தவளே சம்மதிச்சுட்டா. அரசாங்கத்துக்கு என்ன தயக்கம்?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. டிராம் நிறுத்தத்திலேயே போய் ஃபரங்கீஸைப் பிடித்தேன்.

"அறிவிருக்காடீ உனக்கு? இன்னைக்கு இவனைக் கொடுத்தா நாளைக்கு இன்னொருத்தனைப் பிடிப்பாங்க. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும். மனசாரச் சொல்லலைன்னு போய்ச் சொல்லு."

"அந்த அம்மா முகத்தைப் பாத்து எப்படிடீ சொல்றது?"

இருந்தும் போனாள். துணைக்கு நானும் போனேன். குன்வோர் ஏணியில் நின்று மகனின் அறைக்குப் புதுத் திரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது மரியாதைக்குங்க. அவனை விடக் கூடாது." என்றாள் ஃபரங்கீஸ்.

குன்வோர் இறங்கவில்லை. "அப்ப ஆன்டன் அங்கேயே சாகட்டுமா?"

ஊருக்கே நியாயம் சொல்கிற வாய் என்னுடையது. அன்று போய் ஏணியைப் பிடித்துக்கொண்டதோடு சரி.

கடைசியில் எங்கள் யாரையும் கேட்காமலே அரசாங்கம் பேரத்தை முடித்துவிட்டது. அந்த அதிகாரி ஈரானில் மாலையும் கழுத்துமாக விமானத்திலிருந்து இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து ஃபரங்கீஸ் வாந்தி எடுத்தாள். சில நாள் கழித்து ஆன்டன் அவள் கதவைத் தட்டினான், எலும்பும் தோலுமாக. அவனைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்காகத் தன்மேலேயே வெறுப்பாகவும் இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

சோறு போட்டாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"நான் கிளம்பறப்ப ஜெயில்ல என் அறைக்கு வேற ஒரு வெளிநாட்டுக்காரனைக் கொண்டுவந்தாங்க. அழுதுக்கிட்டிருந்தான். என் போர்வையை அவன்கிட்ட கொடுத்துட்டு வந்தேன்."

ஃபரங்கீஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவனோட அம்மா யார்கிட்ட போய்க் கேப்பாங்க?"