கண்ணாடி வைத்த பொட்டு

நாட்டியக்காரர்களைப் படமெடுக்கிறேன் என்றாலே, ஊரே போய்ப் படமெடுக்கிற கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர் முன்னால் நிறுத்தச் சொல்கிறார்கள். மாட்டேன். தினமும் முகம் பார்க்கிற வீட்டுக் கண்ணாடியில் தெரிகிறவளைத்தான் எடுப்பேன்.

கருவடிக்குப்பத்தில் பரதம் ஆடுகிற ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவன் போன வருடம் இறந்துவிட்டான். அவள் ஆட்டத்தை விடவில்லை. வீட்டில் சண்டை வேண்டாமென்று பொட்டு வைப்பதை மட்டும் விட்டிருந்தாள். முன்பெல்லாம் குளிக்கப் போகையில் எடுத்து ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள் பீரோ கண்ணாடியில் அப்படியே இருந்தன.

கணவனின் அண்ணன் வாசலில் நின்று சொன்னார்: "அதையெல்லாம் சுரண்டிட்டு எடுங்க மேடம். போட்டோல தெரிஞ்சா நாலு பேர் என்னா சொல்லுவாங்க?"

கண்ணாடியுமா தாலியறுக்கணும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள், "இருங்கக்கா" என்று கண்ணாடி முன்னால், ஆட்டத்தில் முழங்கால் மடக்கி நிற்கிற அரைமண்டியில் அமர்ந்தாள். "உங்க கேமராவுல சரியா வர்ற எடத்தைச் சொல்லுங்க" என்று மெல்ல நகர்ந்தாள். கண்ணாடிக்குள் அவள் நெற்றி ஒரு சிவப்புப் பொட்டுக்கு நேராக வந்தது.

"அங்கயே இரு" என்று எடுத்தேன். படத்தை அண்ணனிடமும் காட்டினேன். அவர் முகம் கறுத்தது.

"இன்னா இது?" என்றார் அவளிடம்.

அவள் வெறும் நெற்றியோடு திரும்பினாள். "நான் எங்க வெச்சேன், மாமா? கண்ணாடிதான வெச்சிருக்குது."

அந்தப் படத்தைச் சுவரளவுக்கு அச்சிட்டுக் கண்காட்சியில் மாட்டியிருக்கிறேன். அவர் வந்து சுரண்டிப் பார்க்கட்டும்.