குயாவா, குயோவா?

மொபைலைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி பீற்றிக்கொள்வேன் இல்லையா? போன ஞாயிறு அதற்குப் பலன் கிடைத்தது... திண்டிவனத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில், மைக் முன்னால்.

கிளியனூர் நண்பர் ஏழுமலையின் மகள் தேன்மொழிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஸ்பெயின்காரர். அவருடைய அம்மா அங்கே ஸ்கூல் டீச்சர்.

"சம்பந்தியம்மாவுக்கு அவங்க பாஷையிலயே என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுப்பா. மல்லாட்டை வெளையற நெலம் இருக்குதுன்னு அழுத்திச் சொல்லு" – ஏழுமலையின் உத்தரவு.

மைக் பிடித்தேன். "இவர் ஏழுமலை, குயா தியெர்ரா..." என்று ஸ்பானிஷில் தொடங்கினேன். குயா என்றால் 'எவருடைய'. தியெர்ரா, நிலம். அடுத்து மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்குப் போக வேண்டும். போகவிட்டால்தானே?

"யோவ், நிறுத்து!" ஏழுமலை எழுந்துவிட்டார். மகள் அவருக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தாள் – அமிகோ என்றால் நண்பன், அமிகா என்றால் தோழி; 'ஓ' ஆண், 'ஆ' பெண். "நான் இன்னா பொம்பளையா? குயோன்னு சொல்லுய்யா!"

பெண்ணைப் பெற்றவர். சபையில் அவரோடு இலக்கணச் சண்டை போடலாமா? "குயோ தியெர்ரா" என்றேன்.

"நல்ல காரியத்துல இன்னாத்துக்குக் குய்யோ முறையோன்னு கத்திக்கினு?" பெண்ணின் அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா டீச்சர் அல்லவா? பொறுக்க முடியவில்லை. "குயா" என்று சிரித்தபடி திருத்தினார்.

"பாத்தியா? அவங்களும் என்னைப் பொம்பளைன்றாங்க!" ஏழுமலையின் மீசை துடித்தது. மாற்றவிருந்த தாம்பூலத் தட்டு அந்தரத்தில் நின்றது.

தேன்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"அப்பா, அந்த வார்த்தை ஓனரைப் பாக்காதுப்பா. ஓனர்கிட்ட இன்னா இருக்குதோ, அதைத்தான் பாக்கும். ஸ்பானிஷ்ல நெலம் பொம்பளை. அதான் குயா."

நம்மூரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பங்களா வீட்டுக்காரர், ரைஸ்மில்காரர்... ஆளை யார் பார்க்கிறார்கள்? மரியாதை முழுக்க உடைமைக்குத்தான்!

ஏழுமலை யோசித்தார். "நெலந்தான் பொம்பளையா? அப்ப சரி. ஜல்தியா தட்டை மாத்துங்க" என்று உட்கார்ந்தார்.

"பொம்பளைதாம்ப்பா..." தேன்மொழி இன்னும் மைக்கைத் தரவில்லை. "பட்டா மட்டும் அண்ணன் பேர்ல இருக்குது."

ஏழுமலை குனிந்து வேட்டி நுனியைச் சரிசெய்தார். தட்டு மாறியது.

மகள் என்ன சொன்னாள் என்று சம்பந்தியம்மா என்னிடம் கேட்டார். எனக்கு அவ்வளவு ஸ்பானிஷ் வராது என்று சொல்லிவிட்டேன்.